கொடுத்து வைத்தவர்கள்

சென்ற தவணையின் இறுதி வாரத்தில் எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் ஒரு நிழற்படம் கைத்தொலைபேசியோடு கைமாறிச் சென்றது. பச்சையும் நீலமும் கலந்த ஓர் ஏரி. மறுகரையில் செங்குத்தாக எழுந்த மலை. அதன் உச்சியில் வெண்பனி. முன்னால், வெள்ளைச் சமையலறை மேலங்கியோடு ஓர் இளைஞன். ஏழாண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் கற்றவன். சுவிற்சர்லாந்தின் பேர்ண் மாநிலத்தில், பிறியன்ஸ் ஏரிக்கரையிலுள்ள ஒரு ஹோட்டலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தான். படத்தைப் பார்த்தவர்கள் பெருமூச்செறிந்தனர். "கொடுத்து வைத்தவன்" என்றார் ஒருவர். அறை முழுவதும் அதனை ஆமோதித்தது. உண்மையைச் சொல்வதாயின், நானும் ஆமோதித்தேன்.

அன்று மாலை அவனோடு பேசிய பின்னர் அந்தச் சொற்றொடர் என் தொண்டையில் முள்ளாய்ச் சிக்கிக்கொண்டது. அதனை வெளியே எடுக்கும் முயற்சியே இக்கட்டுரை.

'கொடுத்து வைத்தவன்' என்ற வழக்கின் பொருளை நாமறிவோம். முற்பிறப்பில் தானம் செய்து புண்ணியத்தைச் சேர்த்தவன் இப்பிறப்பில் அதன் பயனைத் துய்க்கிறான் என்பது அதன் உட்கிடை. முற்பிறப்பின் கணக்கு எனக்குத் தெரியாது. இப்பிறப்பில் அவனும் அவன் குடும்பமும் கொடுத்ததை மட்டும் என்னால் எண்ண முடியும். தகப்பனின் வயற்காணி ஈட்டில் இருக்கிறது. தாயின் தாலிக்கொடி அடைவு வைக்கப்பட்டிருக்கிறது. தமக்கை பிடித்த சீட்டுக்காசு பயண முகவரின் கைக்குப் போயிற்று. அவனோ தன் இளமையின் நான்கு ஆண்டுகளை முகாம்களிலும், விசாரணைக் கூடங்களிலும், முடிவுக் கடிதத்துக்காகத் தபாற்பெட்டியைத் திறந்து பார்ப்பதிலும் கொடுத்திருக்கிறான். ஈற்றில் அகதி அந்தஸ்துக் கிடைக்கவில்லை. திருப்பியனுப்புவது இப்போதைக்குப் பொருத்தமன்று என்ற அளவில் ஒரு தற்காலிக அனுமதியே கிடைத்தது. இத்தனையும் கொடுத்து அவன் பெற்றது ஒரு சமையலறையில் கோப்பை கழுவும் வேலை. இவனையே நாம் கொடுத்து வைத்தவன் என்கிறோம். கொடுத்தவன் என்பதில் ஐயமில்லை. அவனுக்காக எதனை, யார் வைத்திருந்தார்கள் என்பதே கேள்வி.

படம் எப்போது எடுக்கப்பட்டது என்று கேட்டேன். "அறை நேரத்திலை, சேர்" என்றான். எனக்கு விளங்கவில்லை. அவன் விளக்கினான். காலை ஒன்பதரைக்கு வேலை தொடங்கும். மதிய உணவுக் கூட்டம் ஓய்ந்து, கோப்பைகளும் சட்டிகளும் கழுவி முடிய இரண்டு மணியாகும். பிற்பகல் ஐந்தரைக்கு மீண்டும் சமையலறைக்குள் புகுந்தால் இரவு ஒன்பதரைக்கே வெளியேறலாம். இடையிலுள்ள மூன்றரை மணித்தியாலத்துக்குக் கூலி இல்லை. அங்குள்ள ஹோட்டல் தொழிலாளர் வழக்கில் இதற்குத்தான் 'அறை நேரம்' என்று பெயர். தன் அறைக்குப் போய்ப் படுத்துக் கிடப்பதற்குரிய நேரம். ஒருநாளின் பன்னிரண்டு மணித்தியாலங்கள் ஹோட்டலின் பிடியில் இருக்கின்றன. எட்டரை மணித்தியாலத்துக்கே ஊதியம். அந்த ஊதியமில்லாத இடைவெளியில் ஏரிக்கரைக்கு வந்து அவன் எடுத்த படத்தையே நாம் பார்த்துப் பெருமூச்செறிந்தோம். மற்ற வேளைகளில் அவன் கண்முன்னே இருப்பது கோப்பை கழுவும் இயந்திரம். மூடியைத் தூக்கும்போதெல்லாம் ஆவி முகத்தில் அடிக்கிறது. சமையலறை நிலத்துக்குக் கீழே இருக்கிறது. அதற்கு யன்னல் கிடையாது.

ஏரி அழகற்றது என்று நான் வாதிடவில்லை. மலையைக் கண்டு மகிழ அவனுக்கு உரிமையில்லை என்றும் கூறவில்லை. ஆனால் இயற்கை அழகைக் கூலியின் ஒரு பகுதியாகக் கணக்கிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அதனையே நான் எதிர்க்கிறேன். அந்த ஹோட்டலில் ஏரிப்பக்க அறைக்கு ஒரு விலை. பின்பக்க அறைக்குக் குறைந்த விலை. ஏரியின் காட்சி அங்கே ஒரு விற்பனைப் பண்டம். அதனை விற்பவர் முதலாளி, வாங்குபவர் விருந்தினர். கட்டில் விரித்தும், கோப்பை கழுவியும், தளம் துடைத்தும் அவ்விற்பனையை நடத்திக் கொடுப்பவன் தொழிலாளி. அவனிடம் மட்டும், "உனக்கு இந்தக் காட்சி இலவசமாகக் கிடைக்கிறதே" என்று சொல்லப்படுகிறது. முதலாளி சொன்னால் அது அவர் நலன். ஊரில் இருக்கும் நாமும் அதையே சொல்வது ஏன்?

தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இந்த இடத்தில் ஒன்றைக் கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். நிலத்தை மனிதனிலிருந்து பிரித்துப் பார்ப்பது நமது பழைய இலக்கிய மரபன்று. தொல்காப்பியம் அகத்திணைக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள்களை வகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் என்பனவற்றோடு, அந்நிலத்து மக்களின் தொழிலும் கருப்பொருளாக எண்ணப்பட்டது. தினை காப்பவரும் தேன் அழிப்பவரும் இல்லாத குறிஞ்சி நம் முன்னோருக்குக் குறிஞ்சியன்று. இன்றைய பயணக் கட்டுரைகளைப் புரட்டிப் பாருங்கள். பனிமலை உண்டு, பள்ளத்தாக்கு உண்டு, கழுத்தில் மணி கட்டிய பசுக்களும் உண்டு. எழுத்தாளர் படுத்துறங்கிய கட்டிலின் விரிப்பை மாற்றியவரைப் பற்றி ஒரு வரி இல்லை. முதற்பொருளை வைத்துக்கொண்டு கருப்பொருளின் தொழிலை மட்டும் வெட்டியெறிந்த இலக்கியம் இது.

பிரிவை உரிப்பொருளாகக் கொண்டது பாலை. பொருள் தேடிச் செல்லும் தலைவனின் பிரிவைப் பொருள்வயிற் பிரிவு என்றனர். ஏரிக்கரையில் நிற்கும் நம் இளைஞன் கண்ணால் காண்பது குறிஞ்சி, வாழ்வது பாலை. முதல் வரியை மட்டும் வாசித்து இரண்டாவது வரியைக் கிழித்தெறியும் வாசகர்களாக நாம் இருக்கிறோம்.

எமது கண்களுக்கு இப்பழக்கத்தைப் புகட்டியவற்றுள் சினிமாவுக்குப் பெரும் பங்குண்டு. கதை எந்த ஊரில் நடந்தாலும் காதற் பாட்டு ஆல்ப்ஸ் மலையில் நடக்கும். பனியில் மெல்லிய சேலையோடு கதாநாயகி ஆடுவாள். சுவிற்சர்லாந்தை இந்திய மக்களின் கனவுநாடாக்கிய இந்திப்பட இயக்குநர் யாஷ் சோப்ராவுக்கு 2016இல் இன்ரர்லாக்கன் நகரில் சிலை நிறுவப்பட்டது. சுற்றுலா வணிகம் தன் நன்றிக்கடனைத் தெரிந்தே செலுத்தியிருக்கிறது. நம்மவனின் ஹோட்டல் அந்நகரிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

அந்த மலைநாட்டின் அழகு வரலாறற்ற ஒன்றன்று. தோமஸ் குக் தம் முதலாவது பயணக் குழுவை 1863இல் அங்கே அழைத்துச் சென்றார். வந்தவர்கள் அழகைக் காண வழி வேண்டியிருந்தது. மலையைக் குடைய ஆட்கள் வேண்டியிருந்தார்கள். கொத்தார்ட் இரயிற் சுரங்கம் 1872 முதல் 1882 வரை குடையப்பட்டது. குடைந்தவர்களிற் பெரும்பாலோர் வறிய இத்தாலியர். காற்றோட்டமும் கூலி உயர்வும் கேட்டு 1875 ஜூலையில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது படையினர் சுட்டனர், நால்வர் இறந்தனர். 3,454 மீற்றர் உயரத்திலுள்ள யுங்பிராவ் கணவாய்க்கு 1912இல் இரயில் ஓடத் தொடங்கியது. பதினாறு ஆண்டுகள் அப்பாறையைக் குடைந்தவர்களுள்ளும் இத்தாலியரே மிகப் பலர். வெடிவிபத்துகளில் மாண்டவர்களும் அவர்களே. இன்று அவ்விரயிலில் ஏறும் உல்லாசப் பயணி யன்னலூடாகக் காண்பது பனிமலையை. அவர் கடந்து செல்லும் சுவர் யார் உடைத்த பாறை என்பதை அறிவார் சிலரே.

1965 ஆகஸ்ட் 30ஆம் திகதி வலே மாநிலத்தின் மற்மார்க் என்னுமிடத்தில் நிகழ்ந்ததை நம் மாணவர் அறிய வேண்டும். அங்கே ஓர் அணைக்கட்டு எழுந்துகொண்டிருந்தது. தொழிலாளரின் குடில்களும் உணவுச்சாலையும் அல்லலின் பனிப்பாறையின் நேர் கீழே அமைக்கப்பட்டிருந்தன. பனிப்பாறையின் முனை உடைந்து வீழ்ந்தது. எண்பத்தெட்டுப் பேர் புதையுண்டனர். அவர்களுள் ஐம்பத்தாறு பேர் இத்தாலியர். குற்றஞ்சாட்டப்பட்ட பதினேழு பேரையும் 1972இல் நீதிமன்றம் விடுதலை செய்தது. மேன்முறையீடு செய்த குடும்பத்தினர் வழக்குச் செலவின் அரைவாசியைச் செலுத்த வேண்டுமென்றும் தீர்ப்பாயிற்று. சுற்றுலாப் பயணிக்குப் பனிப்பாறை ஒரு காட்சி. அதன் கீழே குடியமர்த்தப்பட்டவனுக்கு அது தலைக்கு மேல் தொங்கிய வாள்.

அணை கட்டியவனுக்கு நேர்ந்தது ஹோட்டலில் உழைத்தவனுக்கு வேறொரு விதமாக நேர்ந்தது. கட்டிடம், விவசாயம், ஹோட்டல் ஆகிய துறைகளுக்காக 1934 முதல் 2002 வரை அந்நாட்டில் பருவத் தொழிலாளர் சட்டம் ஒன்று இருந்தது. ஆண்டில் அதிகபட்சம் ஒன்பது மாதம் வேலை செய்யலாம். பின்னர் நாட்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும். விரும்பியபடி வேலையை மாற்ற முடியாது. மனைவி மக்களை அழைத்து வரவும் முடியாது. பெற்றோரைப் பிரிந்திருக்க முடியாமல் களவாகக் கொண்டுவரப்பட்ட குழந்தைகள், வெளியே தலைகாட்டாமலும் உரத்துச் சிரிக்காமலும் பூட்டிய அறைகளுக்குள் வளர்ந்தனர். அலுமாரிக் குழந்தைகள் என்ற பெயரே அவர்களுக்கு ஏற்பட்டது. அத்தகையோர் பல்லாயிரவர் என வரலாற்றாய்வாளர் மதிப்பிடுகின்றனர். இச்சட்டத்தை ஒழிக்கக் கோரிய பிரேரணை 1981 ஏப்ரலில் மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்துடன் செய்த ஆள் நடமாட்ட உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 2002இலேயே அச்சட்டம் ஒழிந்தது. மலை அழகாய்த்தான் இருந்தது. அலுமாரிக்குள் இருந்த குழந்தைக்கு அது தெரியவில்லை.

இத்தாலியனும் ஸ்பானியனும் போர்த்துக்கேயனும் நின்ற அந்த வரிசையின் கடைசியில், 1983 இனக்கலவரத்தின் பின் நம்மவர் போய்ச் சேர்ந்தனர். ஆரம்பத்தில் அவர்களைச் சந்தேகத்தோடும் ஏளனத்தோடும் பார்த்த அதே சமூகம், சில ஆண்டுகளில் 'அமைதியானவர்கள், கடும் உழைப்பாளிகள்' என்று பாராட்டத் தொடங்கியது. இடையில் நடந்தது யாது? உள்நாட்டார் விரும்பாத சமையலறை வேலைகளை நம்மவர் நிரப்பினர். குனிந்து நின்று கழுவுபவன் அமைதியானவனாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அகதிக் கோரிக்கையாளரும் தற்காலிக அனுமதி பெற்றோரும் உழைத்த ஊதியத்தில் நூற்றுக்குப் பத்து, விசேட அறவீடாக 2017 இறுதிவரை கழிக்கப்பட்டது. தற்காலிக அனுமதியாளன் வேலை செய்வதற்குத் தனி உத்தரவு பெறவேண்டும் என்ற விதி 2019 ஜனவரியிலேயே நீங்கியது. குடும்பத்தை அழைப்பதற்கோ காத்திருப்புக் காலம், போதிய வீடு, அரச உதவியில் தங்காத வருமானம் என்ற நிபந்தனைகள் அவன் முன் இன்னும் நிற்கின்றன. பழைய சட்டம் இறந்துவிட்டது. குடும்பம் இல்லாத கைகளை மட்டும் வேண்டும் மனப்பான்மை அதனோடு இறந்துவிடவில்லை.

இனி, எனக்கு எதிராகக் கூறப்படக்கூடியவற்றுக்கு வருகிறேன்.

"மாதம் எத்தனை இலட்சம் உழைக்கிறான் தெரியுமா?" என்பர். பிராங்கை ரூபாயாக்கிப் பார்க்கும் வித்தை நமக்கெல்லாம் கைவந்தது. அவன் பிராங்கிலே உண்கிறான். பிராங்கிலே வாடகை கட்டுகிறான் என்பதை அவ்வித்தை மறைத்துவிடுகிறது. தொழிற்பயிற்சி பெறாத ஹோட்டல் ஊழியருக்கு 2025இல் விதிக்கப்பட்ட ஆகக்குறைந்த மாதச் சம்பளம் ஏறத்தாழ 3,700 பிராங். அந்நாட்டு ஊழியரில் அரைவாசிப் பேர் 2022இலேயே 6,788 பிராங்குக்கு மேல் பெற்றனர். அவன் வாழும் சமூகத்தின் அளவுகோலால் அவன் ஏழை. நம் அளவுகோலால் செல்வன். அதனாலேயே ஊரிலிருந்து கடன் கேட்பவரின் கடிதங்களும் அவனைத் தேடிப் போகின்றன.

"அங்கே சட்டம் இருக்கிறது, இங்கேபோலன்று" என்பர். இவ்வாதத்தை நான் மனமார ஏற்கிறேன். ஹோட்டல் துறைக்கு அங்கே நாடு தழுவிய கூட்டு ஒப்பந்தம் உண்டு. அரசாங்கம் அதனைத் துறை முழுவதையும் கட்டுப்படுத்துவதாக்கியிருக்கிறது. வாரத்துக்கு நாற்பத்திரண்டு மணித்தியாலம். பருவகால ஹோட்டல்களில் நாற்பத்து மூன்றரை. வாரத்தில் இரண்டு ஓய்வுநாள். ஆண்டில் ஐந்து வாரச் சம்பள விடுமுறை. பதின்மூன்றாம் மாதச் சம்பளம். வேலை செய்த நேரத்தைப் பதிவு செய்வது முதலாளியின் கடமை. இவை மலையிலிருந்து உருகி வழிந்த கொடைகளல்ல. தொழிற்சங்கங்கள் மேசையில் அமர்ந்தும் வீதியில் இறங்கியும் பெற்றவை. எல்லாத் தொழிலாளருக்கும் மணிக்கு 22 பிராங் ஆகக்குறைந்த கூலி வேண்டுமென்ற பிரேரணை 2014இல் தோற்கடிக்கப்பட்டதையும், ஜெனீவா மாநில மக்கள் 2020இல் 23 பிராங்கை வாக்களித்து வென்றதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். சட்டம் இருக்கிறது என்று மகிழும் நாம், அந்த ஒப்பந்தத்தைப் படித்தாயா, சங்கத்தில் சேர்ந்தாயா என்று அவனிடம் ஒருமுறையேனும் கேட்டதுண்டா? நான் கேட்டேன். அவன் அப்படியொன்று இருப்பதையே அறிந்திருக்கவில்லை. நாங்கள் கேட்டதெல்லாம் பனி கொட்டுகிறதா என்பதுதான்.

"காட்சியாவது கிடைக்கிறதே" என்பது மூன்றாவது வாதம். இதற்கு விடை காணச் சுவிற்சர்லாந்துக்குப் போக வேண்டியதில்லை. நுவரெலியாவுக்குப் போனாற் போதும். தேயிலை மலைகளின் பச்சை விரிப்பையும், அதனிடையே கூடை சுமந்த பெண்ணின் உருவத்தையும் உலகெங்கும் விளம்பரத் தாள்களில் அச்சிட்டிருக்கிறார்கள். துரைமாரின் பங்களாக்கள் இன்று உல்லாச விடுதிகள். அம்மலைகளின் நடுவே லயக் காம்பராக்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் குடியுரிமை 1948இல் பறிக்கப்பட்டது. ஒருநாட் சம்பளமாக ஆயிரம் ரூபாயைப் பெறுவதற்கு அவர்கள் பல ஆண்டுகள் போராடி 2021 மார்ச் வரை காத்திருந்தார்கள். உலகின் மிக அழகிய மலைச்சரிவுகளில் ஒன்றில் பிறந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே உரமானவர்கள் அவர்கள். காட்சி கூலியாகுமென்றால் இந்நாட்டில் அவர்களே பெருஞ்செல்வராக இருந்திருக்க வேண்டும். வடக்கிலிருந்து சுற்றுலா போய், கொழுந்து பறிக்கும் பெண்ணின் பின்னணியில் படம் பிடித்துத் திரும்பும் நம் பாடசாலைக் குழுக்களும் அவள் பெயரைக் கேட்டதில்லை. நம் பிள்ளை இப்போது இன்னொருவரின் படத்தில் அப்பெண் நிற்கும் இடத்தில் நிற்கிறான். ஆனால் அவளுக்கும் அவனுக்கும் உள்ள உறவை நாம் உணரவில்லை.

இறுதியாக ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பேச்சின் முடிவில் அவன் ஒரு வேண்டுகோள் விடுத்தான். "அம்மாவுக்குச் சமையல் பழகிறன் எண்டுதான் சொன்னனான். கோப்பை கழுவிறன் எண்டு சொல்லிப்போடாதேங்கோ, சேர்." ஏன் மறைக்கிறாய், உழைப்பதில் என்ன வெட்கம் என்று நான் ஆசிரியத் தோரணையில் கேட்டேன். சிறிது நேரம் மௌனம். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்: "நீங்கள்தானே சேர் வகுப்பிலை சொல்லுவியள், படிக்காட்டிப் போய்க் கோப்பைதான் கழுவுவாய் எண்டு."

சொன்னேன். ஒருமுறையன்று, பலமுறை சொன்னேன். கரும்பலகைக்கு முன் நின்று மனித சமத்துவம் பற்றிய கவிதைகளுக்கு உரை கூறிய அதே வாயால், ஒரு தொழிலைத் தண்டனையாகக் காட்டி மாணவரை அச்சுறுத்தினேன். அவன் படித்தான். சித்தியும் பெற்றான். பல்கலைக்கழகத்தில் இடமில்லை, ஊரில் வேலையில்லை. நான் சபித்த அத்தொழிலே அவனுக்குச் சோறு போடுகிறது. அவனை அத்தொழில் வெட்கப்படுத்தவில்லை. என் சொல்லே வெட்கப்படுத்தியது. ஒருபுறம் கோப்பை கழுவுவதை இழிவென்று கற்பிக்கிறோம். மறுபுறம் அதே கோப்பையை ஓர் ஏரிக்கரையில் கழுவினால் கொடுத்து வைத்தவன் என்கிறோம். இழிவென்ற சொல் அவன் வாயை அடைக்கிறது. பாக்கியம் என்ற சொல் நம் காதை அடைக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில், கணக்கில் வராத அந்த மூன்றரை மணித்தியாலம் ஒவ்வொரு நாளும் கழிந்துபோகிறது.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! பொருளாதாரம் சரிந்த 2022இல் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி இந்நாட்டை விட்டுச் சென்றனர். நம் வகுப்பறைகளில் இன்று அமர்ந்திருப்போரிற் பலர் நாளை எங்கோ ஒரு நாட்டின் ஏரிக்கரையிலோ கடற்கரையிலோ முதல்நாள் வேலைக்குப் போய் நிற்பார்கள். போகாதே என்று தடுக்க நமக்கு வழியும் இல்லை, தகுதியும் இல்லை. போகிறவனுக்கு ஒரு வேலை ஒப்பந்தத்தைப் படிக்கக் கற்றுக் கொடுக்கலாம். வேலை செய்த மணித்தியாலங்களைத் தானே ஒரு கொப்பியில் குறித்துவைக்கச் சொல்லலாம். பக்கத்தில் நின்று கழுவுகிற வேற்றுநாட்டவன் தன் போட்டியாளனல்லன், தோழன் என்று சொல்லலாம். எந்த நாட்டிற்குப் போனாலும் முதலில் தொழிற்சங்கத்தின் முகவரியைத் தேடச் சொல்லலாம். எழுதுகிறவர்கள் ஹோட்டலின் முன்வாசலால் நுழைந்தது போதும். பின்வாசலாலும் ஒருமுறை நுழைந்து பார்க்கலாம்.

அவனிடமிருந்து நேற்று இன்னொரு படம் வந்தது. நான் கேட்டதற்கிணங்க அனுப்பியிருந்தான். ஈரமான தளம்; அடுக்கிய கோப்பைகள்; ஆவி படிந்த ஓர் இயந்திரம். ஆசிரியர் அறையில் அதனையும் சுற்றுக்கு விட்டேன். ஒருவரும் பெருமூச்செறியவில்லை. எத்தனை மணித்தியாலம் வேலை என்று ஒருவர் கேட்டார்.